ஆட்டத்தைப் பார்க்காத ரசிகர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்காக அமெரிக்கா வந்தவன் நான். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வந்த புதிதில் அலுவலகத்தில் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தபோது கைகொடுத்தது கூடைப்பந்துதான். பள்ளி அணியில் ஆடியவன் என்பதால் ஆட்டம் புரியும். மைக்கேல் ஜோர்டானைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அரை மணி நேரம் ஓடிவிடும். இன்று செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை அமெரிக்கக் கால்பந்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. இனி தேறாது என்று எல்லோரும் கைகழுவிய பேஸ்பாலுக்குக்கூட மறுபடியும் கூட்டம் சேர்கிறது.

என் மகனுக்குப் பதினைந்து வயது. ஸ்டெஃபன் கரியின் பெயர் போட்ட சட்டை வைத்திருக்கிறான். எந்த வீரருக்கு என்ன சம்பளம், யார் எந்த அணிக்கு மாறப்போகிறார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. ஆனால் ஒரு முழு ஆட்டத்தை அவன் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. நண்பர்களைக் கேட்டால், எல்லோரும் தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கே எறிவதால் ஆட்டம் சலித்துவிட்டது என்கிறார் ஒருவர். வீரர்கள் அரசியல் பேசியதுதான் காரணம் என்கிறார் இன்னொருவர். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் நாம் பார்க்கப்போன ஆட்டக்காரர் ஓய்வில் இருக்கிறார் என்கிறார் மூன்றாமவர். 2025 செப்டம்பரில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆணையர் ஆடம் சில்வரே இது பெரிதும் ஹைலைட்ஸ் (சிறந்த தருணங்களின் துண்டுகள்) விளையாட்டு என்று சொல்லிவிட்டார். கூடைப்பந்து வீழ்ந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் கால்பந்து மட்டும் எப்படி நிற்கிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீழ்ச்சியா என்று கேட்பதற்கு முன்னால், எந்த உயரத்திலிருந்து வீழ்ச்சி என்று பார்த்துவிடுவோம். இந்தப் பேச்சை எடுக்கும் எல்லோரும் 1998-ஐத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆண்டு ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணிக்கும் யூட்டா ஜாஸ் அணிக்கும் இடையே நடந்த இறுதித் தொடரை (ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்லும் அணிக்குக் கோப்பை) அமெரிக்காவில் சராசரியாக 2 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆட்டம் முடிய 5.2 வினாடிகள் இருக்கையில் ஜோர்டான் கடைசிக் கூடையைப் போட்ட ஆறாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் பேர். ஜோர்டான் ஓய்வு பெற்றுவிட்ட அடுத்த ஆண்டில், நாட்டின் மிகப் பெரிய நகரமான நியூயார்க்கின் அணியே இறுதித் தொடரில் இருந்தும், சராசரி 1 கோடியே 60 லட்சமாக இறங்கியது. முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியத் தகராறில் அந்தப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கிப்போனதும் ரசிகர்களைக் கசப்படைய வைத்தது, உண்மைதான். ஆனாலும் ஒரே ஆண்டில் ஏறத்தாழ பாதிப் பேர் கலைந்துபோனார்கள் என்றால், அவர்கள் எதைப் பார்க்க வந்திருந்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.

உங்கள் முதல் நண்பர் சொல்லும் மூன்று புள்ளிக் காரணத்தை இந்த இடத்திலேயே சோதித்துவிடலாம். 2006-07 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 17 முறை மூன்று புள்ளிக்கு முயன்றது; பத்தாண்டு கழித்து 2016-17 பருவத்தில் 27 முறை. தூர எறிதல்தான் ரசிகர்களை விரட்டியது என்றால் 2007-இல் கூட்டம் அதிகமாகவும் 2017-இல் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நான்கே ஆட்டங்களில் கிளீவ்லாந்தை முடித்துவைத்த 2007 இறுதித் தொடரின் சராசரி 93 லட்சம். கரியின் வாரியர்ஸும் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்தும் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக மோதிய 2017 தொடரின் சராசரி 2 கோடிக்கு மேல். இன்று ஓர் அணி ஆட்டத்துக்கு 37 முறைக்கு மேல் எறிகிறது, எல்லா அணிகளும் ஒரே மாதிரி ஆடுவதுபோல் தோன்றுகிறது என்ற முணுமுணுப்பில் எனக்கும் பாதி உடன்பாடுதான். ஆயினும் அது சுவை பற்றிய குறை. கூட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அதை வைத்து விளக்க முடியாது.

அரசியல் காரணமும் அதே கதிதான். 2020-இல் பெருந்தொற்றுக்காக ஃபுளோரிடாவில் அடைத்துவைத்து நடத்திய இறுதித் தொடர் சராசரியாக 75 லட்சம் பேரோடு முடிந்தபோது, களத்தில் எழுதப்பட்ட முழக்கங்கள்தான் காரணம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். எந்த முழக்கத்துக்கும் பேர்போகாத ஐஸ் ஹாக்கியின் இறுதித் தொடரும் அதே ஆண்டில் சரிந்தது; பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரும் அதுவரை காணாத அடிமட்டத்தைத் தொட்டது. ஜூனில் பார்க்க வேண்டியதை அக்டோபரில், தேர்தல் நெருங்கும் நேரத்தில், வெற்று அரங்கில் நடத்தினால் வேறென்ன ஆகும்? (எண்களை ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 முதல், தொலைக்காட்சி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் வீட்டுக்கு வெளியே, மதுக்கூடத்திலும் உணவகத்திலும் பார்ப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே அண்மைக் கால எண்கள் பழையவற்றைவிடத் தாராளமானவை.)

மூன்றாம் நண்பர் சொல்லும் ஓய்வுப் பிரச்சினைதான் கனமானது. அதற்குப் போவதற்கு முன், தொழில்முறைக் கூடைப்பந்து அமெரிக்காவில் எதை விற்று வளர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1980 மே 16, வெள்ளிக்கிழமை. லேக்கர்ஸ் அணிக்கும் ஃபிலடெல்ஃபியா அணிக்கும் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸின் தூணாக இருந்த கரீம் அப்துல்-ஜபார் கணுக்கால் சுளுக்கால் லாஸ் ஏஞ்சலஸிலேயே தங்கிவிட, முதல் பருவம் ஆடிக்கொண்டிருந்த இருபது வயது மேஜிக் ஜான்சன் அவருடைய இடத்தில் நடுவில் போய் நின்று தொடக்கப் பந்துக்குத் துள்ளினார். ஆட்டம் முடிந்தபோது 42 புள்ளி, 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் (கூடை போட வழிசெய்யும் பந்து கொடுப்பு), கையில் கோப்பை. கூடைப்பந்து வரலாற்றின் மிகப் பெரிய தனிமனித ஆட்டங்களில் ஒன்று அது. நாட்டின் பல நகரங்களில் அதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. சிபிஎஸ் தொலைக்காட்சி வழக்கமான தொடர்களை ஓட்டிவிட்டு, இரவு பதினொன்றரைக்குப் பதிவை ஒளிபரப்பியது. அன்று என்பிஏவின் மதிப்பு அவ்வளவுதான். இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டில்தான் அதே ஜான்சனும் லேரி பேர்டும் மோதிய கல்லூரி இறுதியாட்டம் 24.1 ரேட்டிங் (தொலைக்காட்சி உள்ள வீடுகளில் 24.1 சதவீதம்) பெற்றிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எந்தக் கூடைப்பந்து ஆட்டமும் இன்றுவரை அதைத் தாண்டியதில்லை.

1984-இல் ஆணையராக வந்த டேவிட் ஸ்டெர்ன் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர். லேக்கர்ஸ், செல்டிக்ஸ் என்ற பெயர்களைவிட ஜான்சன், பேர்ட் என்ற பெயர்களுக்கே விலை அதிகம் என்பது அவருக்குப் புரிந்தது. அதே ஆண்டில் ஜோர்டானும் வந்து சேர்ந்தார். ஆட்டத்தின் இயல்பும் அதற்கு வாகாக அமைந்திருந்தது. கால்பந்தில் முகம் கவசத்துக்குள் மறைந்துவிடும். அணியின் முதன்மை வீரரான குவார்ட்டர்பேக், எதிரணி கையில் பந்து இருக்கும் நேரமெல்லாம் ஓரத்தில் நிற்பார். பேஸ்பாலில் தலைசிறந்த மட்டையாளருக்கும் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புதான். கூடைப்பந்தில் அணிக்கு ஐவர், தலையில் ஒன்றும் கிடையாது, கேமரா முகத்தருகே இருக்கிறது, அந்த ஐவரில் சிறந்தவர் 48 நிமிடத்தில் நாற்பது நிமிடம் வரை களத்தில் நின்று தாக்குகிறார், தடுக்கிறார். ஒரு மனிதர் ஓர் அணியின் தலையெழுத்தை இந்த அளவுக்கு மாற்றும் அணி விளையாட்டு அமெரிக்காவில் வேறில்லை. ஆகவே ஆளை விற்பது என்ற முடிவில் பிழையில்லை. ஆனால் ஆளை நம்பி வந்த ரசிகர் ஆளோடு போய்விடுவார். 1999-இல் தெரிந்தது அதுதான்.

இப்போது கால்பந்துக்கு வருகிறேன். அது ஏன் நிற்கிறது என்பதற்குக் கலாசாரம், வன்முறை, அமெரிக்க மனம் என்றெல்லாம் கனத்த விளக்கங்கள் உண்டு. எனக்கு ஒரு பருவத்தில் எத்தனை ஆட்டம் என்ற எளிய கணக்கே போதுமானதாகத் தோன்றுகிறது. கால்பந்து அணிக்கு 17 ஆட்டம். வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் ஞாயிறு, பெரும்பாலும் கட்டணமில்லாத் தொலைக்காட்சியில். ஒன்றில் தோற்றாலும் பருவத்தின் போக்கு மாறும் என்பதால் ஒவ்வொன்றும் பார்த்தாக வேண்டிய ஆட்டம். வாரம் முழுக்கப் பேசவும் பந்தயம் கட்டவும் அந்த ஓர் ஆட்டம் போதும். 2023-இல் அமெரிக்கர்கள் மிக அதிகமாகப் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93 தொழில்முறைக் கால்பந்து ஆட்டங்கள். பேஸ்பால் எதிர்முனையில் இருக்கிறது: 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஒன்று. அதை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. கோடைக் காலத்தில் சொந்த ஊர் அணியின் ஆட்டம் வீட்டில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் ஊரோடு கட்டப்பட்டது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதுதான் அதன் நோயாக இருந்தது. 2023-இல் பந்து வீசுபவர் குறித்த வினாடிக்குள் வீசியாக வேண்டும் என்று கடிகாரம் வைத்து, சராசரி நேரத்தை 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக வெட்டினார்கள். அந்த ஆண்டு அரங்குக்கு வந்தவர்கள் 7 கோடியைத் தாண்டினார்கள். 2024-இல் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் மோதிய உலகத் தொடரின் சராசரி 1 கோடியே 58 லட்சம், அதே ஆண்டின் என்பிஏ இறுதித் தொடருக்கு 1 கோடியே 13 லட்சம். நீங்கள் சொல்லும் மறுபடி சேர்கிற கூட்டம் இதுதான்.

கூடைப்பந்துக்கு 82. திருவிழாவாக இருக்க இது மிக அதிகம், அன்றாடப் பழக்கமாக இருக்க மிகக் குறைவு. முப்பது அணிகளில் இருபது அணிகள் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளுக்கோ அல்லது அதற்கு முந்தைய பிளே-இன் தகுதிக் கட்டத்துக்கோ எப்படியும் வந்துவிடும் என்றால், ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு நடக்கும் ஓர் ஆட்டத்துக்கு என்ன எடை இருக்க முடியும்? அந்த எடையைப் பயிற்சியாளர்கள் நம் எல்லோருக்கும் முன்பே துல்லியமாகக் கணித்துவிட்டார்கள். 2012 நவம்பர் 29 அன்று மயாமியில் நாடு முழுவதும் ஒளிபரப்பாகவிருந்த ஆட்டத்துக்கு முன், ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் தன் முக்கிய வீரர்களான டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவைத்தார். மீதமிருந்தவர்கள் நடப்பு சாம்பியனான மயாமியோடு கடைசி வரை மல்லுக்கட்டி ஐந்து புள்ளியில் தோற்றார்கள். ஆட்டமாகப் பார்த்தால் நல்ல ஆட்டம். ஸ்டெர்ன் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஸ்பர்ஸுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தார். கடைசி வரை பரபரப்பாக நடந்த ஓர் ஆட்டத்துக்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்த ஒரு நிர்வாகம், தான் விற்பது ஆட்டத்தை அன்று என்பதை அந்த நாளில் ஒப்புக்கொண்டுவிட்டது.

2023-இல் வந்த விதி இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. முந்தைய மூன்று பருவங்களில் ஆல்-ஸ்டார் காட்சி ஆட்டத்தின் அணிக்கோ, பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-என்பிஏ அணிக்கோ தேர்வானவர் எவரோ அவர் நட்சத்திரம். ஓர் அணி ஒரே ஆட்டத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்கு ஓய்வு தரக்கூடாது. நாடு தழுவிய ஒளிபரப்புகளில் அவர்கள் ஆடியாக வேண்டும். முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் என்ற வரம்பும் அதே பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. நட்சத்திரம் என்றால் யார் என்று வரையறுத்து விதிப்புத்தகம் எழுதவேண்டி வந்த வேறொரு விளையாட்டை நான் அறியேன். நோய் 82 என்ற எண்ணில் இருக்க, மருந்தை வீரர்களின் முழங்காலுக்குத் தடவுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். அவனுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதாக நீங்கள் வருந்துவதாகத் தெரிகிறது. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் அலுவலகத்துக் கால்பந்து ரசிகர்களில் பலரைவிட அவன் ஊன்றிய ரசிகன். ஆளைப் பின்தொடர் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் ஒழுங்காகப் படித்திருக்கிறான். ஒருவரைப் பின்தொடர அவருடைய ஆட்டத்தை முழுதாகப் பார்க்கத் தேவையில்லை. கரியின் எட்டு எறிதல்களும் ஆட்டம் முடிவதற்குள் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. சம்பளமும் இடமாற்றமும் தனி நாடகமாக ஆண்டு முழுக்க ஓடுகின்றன. 2024-25 பருவத்தில் உலகமே அதிகம் பேசியது எந்த ஆட்டத்தைப் பற்றியும் அன்று. பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் தன் நட்சத்திர வீரர் லூக்கா டான்சிச்சை டாலஸ் அணி லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டதைப் பற்றித்தான். மற்ற லீகுகள் இணையத்தில் தங்கள் காட்சித் துண்டுகளைத் துரத்தித் துரத்தி நீக்கிக்கொண்டிருந்த காலத்தில் என்பிஏ அவற்றைத் தாராளமாக உலவவிட்டது. சிற்றுண்டியை இலவசமாகக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்பது சில்வர் ஒருமுறை சொன்ன கணக்கு. உங்கள் மகன் தலைமுறைக்குச் சிற்றுண்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

ஆட்டத்துக்கு மதிப்பே போய்விட்டதா என்றால், இல்லை. 2025 இறுதித் தொடரில் மோதிய ஓக்லஹோமா சிட்டியும் இந்தியானாவும் தொலைக்காட்சிச் சந்தையில் சிறிய ஊர்கள். முதல் ஆட்டத்தில் 15 புள்ளி வரை பின்தங்கியிருந்த இந்தியானாவை, முடிய 0.3 வினாடி இருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து 111-110 என்று முன்னே தள்ளியது. 48 நிமிட ஆட்டத்தில் அந்த அணி முன்னிலையில் இருந்தது அந்த 0.3 வினாடி மட்டுமே. அப்படிப்பட்ட ஆட்டத்தை ஏறத்தாழ 89 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். ஆனால் தொடர் 3-3 என்று வந்து நின்று ஏழாவது ஆட்டம் என்று ஆனதும், அதே சிறிய ஊர்கள், அதே அணிகள், பார்த்தவர்கள் 1 கோடியே 64 லட்சம். இனி இன்னொரு ஆட்டம் இல்லை என்ற நிலை வந்தால் கூடைப்பந்துக்கும் கால்பந்தின் கூட்டம் ஒருவாறு வந்துவிடுகிறது. 2024-இல் கெய்ட்லின் கிளார்க் ஆடிய மகளிர் கல்லூரி இறுதியாட்டத்துக்கு 1 கோடியே 89 லட்சம் பேர் வந்தார்கள். அந்த ஆண்டு என்பிஏ இறுதித் தொடரின் எந்த ஆட்டமும் அதை நெருங்கவில்லை. தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டமும், விட்டுப்பிரிய மனம் வராத ஒரு நட்சத்திரமும் அங்கே ஒன்றாக அமைந்தன. உங்கள் மகனை உட்காரவைக்க விரும்பினால் மே மாதம் வரை பொறுத்து, ஓர் ஏழாவது ஆட்டத்துக்கு உட்காரவையுங்கள். ஜனவரியில் வற்புறுத்த வேண்டாம்.

வீழ்ச்சி என்ற சொல் அணி முதலாளிகளின் காதில் விழுந்தால் சிரிப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1979-இல் ஜெர்ரி பஸ் லேக்கர்ஸ் அணியையும், ஒரு ஹாக்கி அணியையும், அரங்கத்தையும், ஒரு பண்ணையையும் சேர்த்தே 6 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2025-இல் லேக்கர்ஸ் மட்டும் 1,000 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றும் 2025-26 முதல் பதினோரு ஆண்டுகளுக்கு என்பிஏவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை சுமார் 7,600 கோடி டாலர். மற்றெல்லா நிகழ்ச்சிகளையும் மக்கள் தங்கள் வசதிப்படி பார்க்கத் தொடங்கிவிட்ட காலத்தில், குறித்த நேரத்தில் ஆளைக் கூட்டிவர விளையாட்டை விட்டால் தொலைக்காட்சிக்கு நாதியில்லை. அதுவும் கூடைப்பந்து ரசிகர்கள் இளையவர்கள் என்பதால் விளம்பரதாரர் கூடுதலாகக் கொடுக்கிறார். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ரசிகர்கள் இந்த எண்களில் வருவதே இல்லை. 2019 முதல் 2025 வரை மிகச் சிறந்த வீரருக்கான விருது கிரீஸ், செர்பியா, கேமரூன், கனடா நாட்டில் பிறந்தவர்களுக்கே போயிருக்கிறது. பெல்கிரேடில் இரவைத் தொலைத்துத் தங்கள் நாட்டு வீரர் யோகிச்சின் ஆட்டத்தைப் பார்ப்பவர் நீல்சன் கணக்கில் இல்லை, இந்தியாவில் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்க்கும் நாங்களும் இல்லை.

புதிய ஒப்பந்தத்தில் எனக்கு நம்பிக்கை தருவது பணமல்ல. பருவத்தில் குறைந்தது 15 ஆட்டங்கள் மட்டும் கட்டணமில்லாத் தொலைக்காட்சியில் வரும் என்றிருந்த நிலை மாறி, இப்போது 75 ஆட்டங்கள் வருகின்றன. கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்ட வீடுகளில் சொந்த ஊர் அணியைக்கூடப் பார்க்க முடியாமல் போனது இந்தப் பத்தாண்டின் பெரிய இழப்பு. அதில் ஒரு பகுதியாவது இதனால் மீளும். ஆனால் 82 குறையுமா என்று கேட்டால், குறையாது என்றே நினைக்கிறேன். 1967-68 பருவத்திலிருந்து நிற்கும் எண் அது. ஓர் அணிக்குச் சொந்த அரங்கில் 41 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், தின்பண்டம் என்று கல்லாவில் விழுவது தனி. லீகின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஒப்பந்தப்படி வீரர்களுக்குப் போவதால், ஆட்டங்களை வெட்டினால் முதலாளியின் லாபத்தோடு வீரரின் சம்பளமும் வெட்டுப்படும். ஆகவே களைத்துப்போகும் வீரர் சங்கமும் அதைக் கேட்கப்போவதில்லை. 2025 ஜனவரியில் சில்வர் ஒரு யோசனை சொன்னார்: நான்கு கால்பகுதிகளையும் 12 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைக்கலாம் என்பது தன் விருப்பம் என்றார். ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் மிச்சமாகும்; ஆட்டங்கள் அப்போதும் 82-தான்.